டெய்லர் துரைக்கு எத்தனையாவது இலை?

1892ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி, லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்துபோனார். வயது 57. கண்டிக்குக் கொண்டுபோய் மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்ய வேண்டும். அந்தக் காலத்து மலைப்பாதை, துரையோ இருநூறு இறாத்தலைத் தாண்டிய ஆள். 24 பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம், நாலு மைலுக்கு ஒரு தடவை தோள் மாற்றம். காலையில் புறப்பட்ட பெட்டி பின்னேரம் நாலு மணிக்குக் கண்டி போய்ச் சேர்ந்தது. கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னாலேயே நடந்தார்கள். அவர்கள் அவரைச் 'சாமி துரை' என்றுதான் கூப்பிட்டார்கள் என்று தேயிலை வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தூக்கிய 24 பேரில் ஒருவருடைய பெயரைக்கூட யாரும் குறிக்கவில்லை.

இந்தச் சவ ஊர்வலம் எனக்கு நினைவுக்கு வரக் காரணம் ஒரு கொண்டாட்டம். 2017இல் இலங்கைத் தேயிலைக்கு 150 வயது என்று நாடு முழுக்க விழா எடுத்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் 7ஆம் நம்பர் மலையில் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து வந்த கணக்கு அது. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலையிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மாரியம்மன் கோயில் கமிட்டியில் செயலாளர். தோட்ட ஆபீசிலிருந்து ஒரு நாள் ஆள் வந்தார். டெய்லர் துரையின் படம் ஒன்றைத் தருவார்களாம். அதைக் கோயில் முன்மண்டபத்தில் வைத்து, மாலை போட்டு, அம்மனுக்குப் பூசை முடிந்ததும் படத்துக்கும் ஒரு தீபாராதனை காட்டினால் நல்லது என்றார். போட்டோ எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் போல.

கமிட்டியில் வாய்ச்சண்டை. இளந்தாரிகள் ஒரே பிடியாக மறுத்தார்கள். "அந்தாளு நம்மள அடிமையா வச்சிருந்த ஆளு, அவருக்கு எதுக்குங்க கற்பூரம்?" ஒரு நாள் வேலைக்கு எல்லாப் படியும் சேர்த்து 730 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 500 என்றிருந்த காலம். ஆயிரம் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சூட்டில் யாருக்கு மாலை கட்ட மனம் வரும்? எங்கள் பூசாரி அண்ணனுக்கு வேறு கவலை: "வாத்தியார், அம்மனுக்கு ஏத்துன தட்ட ஒரு மனுசன் படத்துக்குத் திருப்புனா, அப்புறம் எனக்கு அம்மை வந்தா யார் பார்க்கிறது?" நான் பூசாரி பக்கம் நின்றேன். ஆனால் என் காரணம் அம்மையும் இல்லை, சம்பளமும் இல்லை.

முதலில் டெய்லரைப் பற்றிய கணக்கை நேராக்கிவிடலாம். ஸ்கொட்லாந்துக்காரர், 1852இல் இளவயதிலேயே கோப்பித் தோட்டத்துக்குச் சின்னதுரையாக வந்தவர். கடைசிவரை ஊருக்குத் திரும்பிக் குடியேறவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இந்தத் தீவில் முதல் தேயிலைச் செடியை நட்டவர் அவரில்லை. பேராதனைப் பூங்காவுக்குச் சீனத்துச் செடி 1824இலேயே வந்துவிட்டது. புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் நட்டுப் பார்த்துவிட்டார்கள். டெய்லர் செய்தது, விற்கிற அளவுக்கு நட்டு, அதைத் தூளாக்கும் வழியையும் கண்டது. பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்ட வைத்தார். மண் அடுப்பில் கரி போட்டு வறுத்தார். 1872இல் தண்ணீர் விசையில் ஓடும் உருட்டு மெஷின் ஒன்றை அமைத்தார். அடுத்த வருடம் 23 இறாத்தல் தூள் லண்டனுக்குப் போனது. 1869இல் கோப்பி இலையில் துருநோய் வந்து கோப்பித் துரைமாரெல்லாம் கடனில் மூழ்கியபோதுதான் இந்த மனிதர் செய்து வைத்திருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. கடைசியில் அவரையும் தோட்ட முதலாளிமார் விலகச் சொன்னார்கள். நாற்பது வருடம் இருந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று நின்றார், சீக்கிரமே செத்தும் போனார். இந்தக் கடைசிக் கதையைக் கேட்டபோது எங்கள் இளந்தாரிகளில் ஒருவன், "அவருக்கும் சர்வீஸ் காசு குடுக்கலையா வாத்தியார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு சண்டையில் கொஞ்சம் சூடு குறைந்தது.

நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்குத் தடை இருக்கிறது. அதை விளங்கப்படுத்த என் அப்பாவின் கவ்வாத்துச் சாமியிடம் போக வேண்டும்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிறவர். ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் பிரட்டுக்களத்திலிருந்து நேரே வேலைக்கு இறங்க மாட்டார்கள். மலை ஓரத்தில் ஒரு மரம், அடியில் மூன்று கல் இருக்கும். கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தீட்டிய கத்திகளை வரிசையாக அதன் முன்னால் கிடத்துவார்கள். முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தி, வசதி இருந்தால் ஒரு சேவலையும் அறுத்து, வயதில் மூத்தவர் சத்தமாகப் பேசுவார். அது மந்திரமல்ல, வழக்கமான பேச்சுத்தான். இது உன் இடம், உன் இடத்தில் கத்தி வைக்கப் போகிறோம், கைகாலில் படாமல் பார்த்துக்கொள், பூச்சி பொட்டு தீண்டாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான். பிறகு மூத்தவர் ஒரே ஒரு செடியை வெட்டுவார். மற்றவர்கள் அதன் பிறகே கத்தியை எடுப்பார்கள். அந்தச் சேவல் குழம்பின் ருசியை நான் வேறெங்கும் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்தி என்பது முழுக்க வயிற்றுக்கு வெளியே இருக்கும் விசயமல்ல.

அந்தக் கல்லில் இருப்பது யார் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "நமக்கு முன்னாடி இருந்தவரு" என்பார். முனியோ, மாடசாமியோ, பேர் அவ்வளவு முக்கியமில்லை. தேயிலை ஸ்டோரில் ரோதைமுனி, அதாவது சக்கரத்து முனி, இருக்கிறார். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, அது கையைப் பிடித்து இழுத்துவிடாமல் காக்க எங்கள் ஆட்களே உண்டாக்கிக்கொண்ட சாமி. டெய்லர் துரை ரோதையைக் கொண்டுவந்தார், எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு முனியைக் குடிவைத்தார்கள். சரஸ்வதி பூசைக்கு ரோலருக்கும் சல்லடைக்கும் சந்தனப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆக, ஒரு இடத்துக்குள் போகும்போது, அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று எண்ணித் தலைகுனிவதுதான் எங்கள் வழிபாட்டின் முதல் படி. கண்டுபிடித்தவருக்கு எடுக்கிற விழா இதற்கு நேர்மாறு. அதில், அந்த ஆள் வரும்வரை இடம் காலியாகக் கிடந்தது என்றுதான் ஆரம்பிக்கவே முடியும்.

இதை எழுதும்போது, அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் சொன்னதைச் சேர்க்க வேண்டும். அங்கே ஒக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை கொலம்பஸ் நாள் என்று அரசாங்க லீவு. பல வருடங்களில் அது நவராத்திரியை ஒட்டி விழும். லீவு நாள் வசதி என்று சிலர் அன்றைக்குக் கொலுப் பார்க்கப் போவார்களாம். "பெரியப்பா, அந்தாளு நம்ம நாட்டைத் தேடித்தானே கிளம்புனாரு, வழி தப்பி அங்க போயிட்டாரு. நாங்க லீவ அனுபவிக்கலாமா கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நான் அதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். கேலி செய்ய நினைத்து உட்கார்ந்தவனுக்குக் கேலி வரவில்லை. 1891இல் நியூ ஓர்லியன்ஸில் பதினொரு இத்தாலியரைக் கும்பல் கூடிக் கொன்றிருக்கிறது. மறு வருடம் கொலம்பஸ் போய் இறங்கி நானூறு வருடம் என்று ஜனாதிபதி ஹரிசன் நாடு முழுக்கக் கொண்டாடச் சொன்னார். ஏழைக் கத்தோலிக்கர்கள், புலம்பெயர்ந்து போய் இளக்காரப்பட்டவர்கள், 'எங்கள் ஆள் ஒருவர் உங்களுக்கு முன்னால் இங்கே வந்தார்' என்று காட்டிக்கொள்ள ஒரு மாலுமியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாதிரியார் 1882இல் ஆரம்பித்த கத்தோலிக்க உதவிச் சங்கத்துக்கே கொலம்பஸ் பெயர்தான். பாவம், அவர்கள் கும்பிட்டது தங்கள் மானத்தை. ஆனால் அந்த மாலுமி போய் இறங்கிய தீவுக்குக் குவனஹானி என்று அங்கேயிருந்த சனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைச் சான் சல்வடோர், அதாவது இரட்சகர், என்று மாற்றினார். அந்த இரட்சகர் பெயரைத் தாங்கிய தீவில் பிறகு அந்தச் சனங்கள் மிஞ்சவில்லை. ஒரு கிறிஸ்தவருக்கு இதைவிட வலிக்கக்கூடியது என்ன இருக்க முடியும்? அதனால்தான் 1992இல் பெர்க்லி நகரில் அதே நாளைப் பூர்வகுடிகள் நாள் என்று மாற்றத் தொடங்கி, இப்போது பல இடங்களில் இரண்டு பெயரும் ஓடுகிறது.

எங்களுக்கும் ஒரு ஆராய்ச்சிப் பயணி உண்டு. நுவரெலியாவைச் 'சின்ன இங்கிலாந்து' ஆக்கிய சாமுவேல் பேக்கர். 1848இல் கப்பலில் ஆட்கள், மாடு, செம்மறி, வேட்டை நாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே ஒரு குடியேற்றம் போட்டார். 1855இல் போய்விட்டார். பிறகு ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய், 1864இல் ஒரு பெரிய ஏரியைக் கண்டு, அதற்கு விக்டோரியா ராணியின் புருசன் பெயரை வைத்தார். கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த சனங்கள் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் அந்தப் பலகையைப் படிக்க வைத்திருக்கிறேன்.

யானை சுடுவதில் அவருக்கு மூத்தவர் மேஜர் ரொஜர்ஸ். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் கொன்றார் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறை மேலும் இடி விழுந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. சாமி கொடுத்த தண்டனை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு ஆசை. நான் அதில் சேர்வதில்லை. வாந்திபேதியில் பாதையோரம் விழுந்து செத்த நம் பாட்டன் பூட்டன் எந்த யானையைச் சுட்டார்கள்?

நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதாஎலிய அம்மன் கோயில். சீதையைச் சிறை வைத்த அசோகவனம் என்று நம்புகிறோம். ஆற்றுப் பாறையில் உள்ள குழிகளை அனுமான் பாதம் என்று காட்டுவார்கள். கடல் தாண்டி வந்து இந்த மலைகளைத் துருவிப் பார்த்தவர் என்றால் எனக்கு முதலில் வருவது அவர்தான். அவரும் அந்நியர்தான், உளவுதான் பார்த்தார், போகும்போது ஊரைக் கொளுத்திவிட்டும் போனார், மறைக்கவில்லை. ஆனால் தேடி வந்தது ஒரு ஆளை. கண்டதும் அடையாளம் கொடுத்து, அழுகையைக் கேட்டு, செய்தியோடு திரும்பிப் போனார். ஒரு குன்றுக்காவது தன் பெயரை வைக்கவில்லை. சனம் தானாக வைத்ததுதான் எல்லாம். பேக்கர் பெயரைப் பலகையில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தான் பஸ்ஸில் ஏற்றுவேன்.

எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு விழா எடுக்கக் கனகாலம் ஆளில்லை. 1823ஐ ஆரம்பம் என்று வைத்துக்கொள்கிறோம். கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்தின் கணக்கு அது. அதைத் தொடர்ந்து வந்தவர்கள் தலைமன்னார் கரையில் இறங்கி, மாத்தளைக்கு நூற்றைம்பது மைல் காட்டுப்பாதையில் நடந்தார்கள். கிணறு இல்லை, மடம் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் உண்டு. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் வரை செத்திருப்பார்கள் என்று அந்தக் காலத்து 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையே மதிப்பிட்டது. எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை, ஆகவே அது கூடவோ குறையவோ இருக்கலாம். அந்தப் பாதை முடிகிற மாத்தளையில் முத்துமாரியம்மன் நிற்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வாந்திபேதிக்கும் அம்மைக்கும் உரியவள் அவள்தான். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் போய் விழுந்தது அவள் காலடியில். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே கோயில் கட்டியது பிறகு, 1874இல். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 ஆடியில் அதையும் கொளுத்தினார்கள், பிறகு எழுந்தது.

நாங்களும் பின்னால் வந்தவர்கள்தான். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. காடாகக் கிடந்ததாகச் சொல்லும் மலைகளில் கண்டிச் சிங்களக் கிராமத்தார் சேனை வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். 1840இல் சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் ராணியின் நிலம் என்று எடுத்துத் துரைமாருக்கு விற்றார்கள். மரத்தை வெட்டிக் காட்டுக்குத் தீ வைத்த கை எங்களுடையது. உத்தரவும் லாபமும் எங்களுடையதல்ல. அந்த மூன்று கல்லுக்கு முன்னால் அப்பா குனிந்ததில் இந்த உறுத்தலும் சேர்ந்திருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் கேட்டிருந்தால், சாமிக்கு எல்லாம் தெரியும் என்று முடித்திருப்பார்.

2023இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளை வந்தார்கள். தேவாலயங்களும் பல அமைப்புகளும் சேர்ந்து எடுத்த நடை. வழியில் சிங்களவர், முஸ்லிம்கள், வடக்குத் தமிழர் எல்லோரும் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். எனக்கு முட்டியில் வாதம், நடக்க முடியவில்லை. மாத்தளைக்கு பஸ்ஸில் போய் நின்றேன். தண்ணீர்ப் போத்தலோடு வந்து சேர்ந்த பிள்ளைகளின் காலில் கொப்புளங்களைப் பார்த்தபோது, இதுதான் எங்களுக்குரிய விழா என்று பட்டது. இதில் கண்டுபிடித்தவர் என்று ஒருவரும் இல்லை. வந்தவர்கள், வழியில் நின்றுபோனவர்கள், அவ்வளவுதான்.

அந்த நடை முடிந்த சில நாளில் ஆடி அமாவாசை வந்தது. எங்கள் கோயிலில் பொதுவாக ஒரு படையல் போடுவோம் என்று கமிட்டியில் சொன்னேன். திதி தெரியாமல் செத்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு இறைக்கலாம் என்பது பெரியவர்கள் வழக்கம். யாருக்கு எத்தனை இலை என்று பேசினோம். முதல் இலை தலைமன்னார்ப் பாதையில் விழுந்தவர்களுக்கு. அதில் யாருக்கும் மறுப்பில்லை. இரண்டாவது, 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே கண்மூடியவர்களுக்கு. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை அனுப்ப ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் அது. வந்த தலைமன்னார் வழியாகவே கப்பலேற்றினார்கள், என் சித்தப்பாவும் அதில் ஒருவர். மூன்றாவது, 1940இல் முல்லோயாவில் சுடப்பட்ட கோவிந்தனுக்கும் 1977இல் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனுக்கும். நான்காவது இலைக்கு நான் அந்த 24 பேரைச் சொன்னேன். யார் அவர்கள் என்று கேட்டார்கள், கதையைச் சொன்னேன்.

"அப்ப தூக்குனவங்களுக்கு வச்சிட்டு, அவங்க தூக்கிட்டுப் போன ஆளுக்கு வைக்காம விடுறதா?" என்றார் பூசாரி அண்ணன். 2017இல் தட்டைத் திருப்ப மறுத்த அதே மனிதர். கும்பிடுவது வேறு, இறைப்பது வேறு என்பது அவருக்கு நான் விளக்காமலே தெரியும். கல்யாணம் கட்டாமல் செத்தவர், பெட்டியைச் சுமந்தவர்கள் நம் ஆட்கள், அப்படியானால் இறைக்கிற கடமையும் நம்மோடதுதான் என்றார். ஆயிரம் ரூபாய்க்காக முன்பு கத்திய இளந்தாரிகூட வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது இலை டெய்லர் துரைக்கு என்று முடிவானது. படம் இல்லை, தீபாராதனை இல்லை, இலை மட்டும்.

அடுத்த தகராறு அதில் என்ன வைப்பது என்பது. சாராயம், சுருட்டு என்று சிலர் ஆரம்பித்தார்கள். அவர் என்ன குடித்தார் என்று நமக்கென்ன தெரியும், தேத்தண்ணி வைத்தால் கோபிக்க மாட்டார் என்றேன். கொழும்பு ஏலத்துக்குப் போகிற நல்ல பி.ஓ.பி. தூள் கொஞ்சம் ஸ்டோரில் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று பொம்பளைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் நமக்குத் தருகிற டஸ்ட்டையே போட்டு, சாயத்தண்ணியாக, சீனி தனியாக ஒரு துண்டுக் கடதாசியில் வைத்தார்கள். குடித்துப் பார்த்து அவரே சொல்லட்டும் என்றாள் ஒரு கொழுந்துக்காரி.